காலி இருக்கை

கிட்வேயில் ஜூன் மாதம் குளிரும்.
தகரக் கூரைக்குக் கீழே பதினேழு ஊழியர்கள்
கோட்டுக்குள் கைகளை ஒளித்து உட்கார்ந்திருந்தோம்.
தாமிர ஆலைப் புகை ஜன்னல் வழியே வந்து
நாக்கில் ஒரு நாணயம் வைத்துவிட்டுப் போனது.

பயிற்சி தர வந்தவள் செவிலி நமுகோலோ,
எங்களில் பாதிப் பேரைவிட இளையவள்.
"வேதப் புத்தகங்களை ஜன்னல் திட்டில் வையுங்கள்" என்றாள்.
போதகர் சின்கலா மட்டும் மறுத்தார்.
மடியிலேயே வைத்துக்கொண்டு
அதன்மேல் தொப்பியைக் கவிழ்த்தார்.

இருவர் இருவராக.
ஒருவர் பேச, மற்றவர் மூன்று நிமிடம் கேட்க வேண்டும்.
வசனம் கூடாது. ஜெபம் கூடாது.
"எல்லாம் நன்மைக்கே" கூடவே கூடாது.
மேசைமேல் முட்டை வேகவைக்கும் கடிகாரம்.

மூன்று நிமிடம்தானே என்று நினைத்தேன்.

ஊழியத்துக்கு வருமுன் நான் மினிபஸ் நடத்துநர்.
புச்சி, புச்சி, புச்சி என்று தொண்டை கிழியக் கூவி
கடைசி இருக்கை நிரம்பும்வரை
வண்டியை எடுக்க விடமாட்டேன்.
காலி இருக்கை என்றால் நஷ்டம்.
அதற்குப் பின் வந்த பதினோரு வருஷமும் அப்படித்தான்:
துக்க வீட்டில் ஒரு மௌனம் வாய் திறந்தால்
உடனே ஒரு வசனத்தை ஏற்றி
அதில் உட்கார வைத்துவிடுவேன்.

என் எதிரே சிலேஷே,
பெண்கள் ஐக்கியத்தில் கணக்கு எழுதுபவள்.
சுரங்கக் கசடு மேடு சரிந்த நாளில்
அவள் கணவனைத் தோண்டி எடுத்தார்கள்.
அவள் அதைச் சொல்லவில்லை.
அவனுடைய பூட்ஸைப் பற்றிச் சொன்னாள்.
வலது கிடைத்தது. இடது கிடைக்கவில்லை.
தூக்கிப்போட மனமில்லை,
ஒற்றைக் காலுக்கென்று யாருக்குக் கொடுப்பது?
மழைக்காலத்தில் அதற்குள் ஒரு கோழி முட்டையிட்டது.

அதோடு நிறுத்திக்கொண்டாள்.

கடிகாரம் ஓடியது.
என் தொண்டைக்குள் வசனங்கள் முண்டியடித்தன,
சந்தை முடிந்து வீடு திரும்புகிறவர்களைப் போல,
கூடையும் குழந்தையுமாக.
ஒவ்வொன்றும் நல்ல வசனம். ஒவ்வொன்றும் உண்மை.
கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டேன்.

அப்போதுதான், கூப்பிடாமலே, என் தம்பி வந்தான்.
அவன் அடக்க ஆராதனையை நடத்தியது நான்.
நாற்பது நிமிடம். ஒரு சொல்லிலும் தடுக்கவில்லை.
எல்லோரும் கைகுலுக்கினார்கள்.
அழவேண்டிய அன்று
அவன் பெட்டியருகே நின்று
டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

கண் நனைந்தது.
அவள் கணவனுக்கா, என் தம்பிக்கா,
அந்தக் கோழிக்கா,
தெரியவில்லை.
சிலேஷே இடுப்புத் துணியின் முனையை நீட்டினாள்.
"இது உங்களுக்குத்தான் வேண்டும்போல."
சிரித்துவிட்டாள். பிறகு அவளும் அழுதாள்.
மணி அடித்ததை நாங்கள் கேட்கவில்லை.

கேட்க வந்தவன் அழுதால் பயிற்சியில் தோல்வியா
என்று நமுகோலோவிடம் போய் நின்றேன்.
என்னைப் பார்த்தாள்.
பதில் சொல்லாமலே பார்த்துக்கொண்டிருந்தாள்.
பாவி, என்னிடமே பாடம் நடத்துகிறாள்.

மதியம் மக்காச்சோளக் களியும் கீரையும்.
ஜெபிக்க எழுந்த சின்கலா "பிதாவே" என்றார்.
அதன்பின் வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை.
களி ஆறியது. யாரும் தட்டைத் தொடவில்லை.

மாலை பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை காலி.
நடத்துநர்ப் பையன் படியில் தொங்கிக் கூவினான்:
"ஓர் ஆள்! ஓர் ஆள்!"
இரண்டு பேருக்குக் காசு கொடுத்தேன்.
"பின்னால் யாராவது வருகிறார்களா?"
"இல்லை. வண்டியை எடு."

அடுத்த நிறுத்தத்திலேயே முட்டைக்கோஸ் மூட்டையோடு
ஒருத்தி ஏறி அதில் உட்கார்ந்துவிட்டாள்.
இந்த வருஷம் விலையே இல்லை என்று ஆரம்பித்தாள்.
கேட்டேன்,
அவள் இறங்கும்வரை.