ஒருக்கா இழுத்தது

உவர்மலையில் கரண்ட் போய் வந்தது.
கணிப்பு நாற்பத்தோராம் படியில் நின்றிருந்தது.

திரையில் ஒரு பெட்டி, பக்கம் ஒரு மில்லிமீற்றர்.
உள்ளே இருநூற்றுப் பன்னிரண்டு உருண்டைகள்,
புல்மோட்டைக் கருமணல் என்று நான் பெயரிட்டவை.
மிச்சமெல்லாம் றப்பர்.
மேல் முகத்தைப் பிடித்து இழு என்கிறேன்.
இழுபடுகிறது.

நிஜ மணல் உருண்டையல்ல.
லென்ஸுக்குக் கீழே வைத்துப் பார்த்திருக்கிறேன்,
வாயில் போட்டுத் துப்பிய கற்கண்டு மாதிரி.
ஆனால் உருண்டைக்குக் கணக்குச் சுலபம்.
அது முதல் பொய்.
இரண்டாவது,
எல்லா மணியையும் எல்லாப் பக்கமும்
றப்பர் ஒரே பலத்தோடு பிடித்திருக்கிறது என்று
ஒரேயொரு எண்ணை எழுதிவைத்தது.

கொட்பேயில் வள்ளங்கள் கல்லில் இடிக்காமலிருக்க
பழைய டயர்தான் கட்டியிருக்கிறார்கள்.
அதற்குப் பதிலாக ஒரு மெத்தை.
கேட்டது அவ்வளவுதான்.
அந்த அவ்வளவுக்குள் எட்டு மாதம் போய்விட்டது.

ரிஸ்மியா கிண்ணியாப் பாலம் தாண்டி
காலை பஸ்ஸில் வருகிறவள்.
துண்டை இயந்திரத்தில் பூட்டி இழுக்கிறவள்.
அவளுடைய கோடு ஏறி,
எட்டு வீதத்தில் தோள் தாழ்த்திச் சரிகிறது.
என்னுடைய கோடு
ஏறிக்கொண்டே போகிறது, வெட்கமில்லாமல்.

குரல் அனுப்பியிருந்தாள்:
"துண்டு சாம்பல் பூக்குது அக்கா.
இழுத்துப் பிடிச்சபடி தண்ணிக்குள்ள அமிழ்த்தி அளந்தன்.
கனவளவு கூடியிருக்கு.
மெசின் பிழையில்லை. ரெண்டு தரம் பாத்தன்."

றப்பர் கனவளவு கூடாது.
மணல் கூடவே கூடாது.
அப்படியென்றால் கூடியது
இரண்டுக்கும் நடுவில்.

ஒரு மணியைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.
முதலில் விடுவது விலா அல்ல.
விலாவில் றப்பர் இன்னும் நெருக்கிப் பிடிக்கிறது.
இழுக்கிற திசையில், உச்சியில்,
ஒரு தொப்பி கழன்ற அளவு வெறும் இடம்.
பெரிய மணிகள் முன்னால் விடுகின்றன.
விட்டதன் பாரம் பக்கத்து மணிக்குப் போகிறது.

இந்த ஊரிலிருந்து இதை எழுதினால்
வேறொன்றாக வாசிப்பார்கள் என்று தெரியும்.
சந்தியில் மும்மொழிப் பலகை,
மலையில் கோயில், அடியில் முகாம்.
வேண்டாம்.
மணல் மணல்தான்.
எனக்கு வேண்டியது வள்ளம் மோதினால் கிழியாத மெத்தை.

பன்னிரண்டு மணிக்கு அவளே எடுத்தாள்.
"நீங்க அந்த மூட்டை மணலைக் கழுவினனீங்களோ?"

கழுவவில்லை.
அன்று குழாயில் தண்ணீர் இல்லை.
நாளைக்கென்று வைத்து, நாளையை மறந்து,
நல்லாய்க் காய்ந்திருக்கிறது என்று வாளியோடு கொட்டினேன்.
காய்ந்திருந்தது கடல்.
சில மணியில் உப்பு, சிலதில் இல்லை,
சிலதில் ஒரு பக்கம் மட்டும்.

ஒற்றை எண்ணை அழித்தேன்.
இருநூற்றுப் பன்னிரண்டு மணிக்கும்
இருநூற்றுப் பன்னிரண்டு எண் கொடுத்தேன்,
சீட்டுக் குலுக்கிப் போடுவதைப்போல.
மறுபடி இழு.

இரண்டரை மணிக்குக் கோடு சரிந்தது.
எட்டில் அல்ல, எட்டு தசம் ஆறில்.
அறுபத்துமூன்றாம் படியில்
ஒரு கண்ணி அளவுக்குமேல் நசுங்கியதென்று
திரும்பவும் நின்றது.
திட்டினேன். பிறகு தேத்தண்ணி போட்டேன்.
அந்தச் சரிவை மட்டும்
திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காலையில் ஆய்வுகூடத்தில்
ரிஸ்மியா பிடியைத் தளர்த்தினாள்.
சாம்பல் மெல்ல உள்ளே போய்
துண்டு மறுபடி கறுப்பானது.
விரலால் தடவிப் பார்த்தேன்.
புதுத் துண்டுக்கும் இதற்கும் வித்தியாசமில்லை.
இழுத்தால்தான் தெரியும்,
முன்னையை விட இலேசாக நெகிழும்.

புதுத் துண்டுகளின் தட்டில் போடப் போனேன்.
"அதுக்குள்ள போடாதைங்க" என்றாள்.
பசை நாடாவில் ஒரு கீற்றுக் கிழித்துச் சுற்றி,
பேனை மூடியைப் பல்லால் கடித்தபடி
எழுதினாள்:
ஒருக்கா இழுத்தது.