இரண்டு மணித்தியாலம்

வலது செருப்பின் குதிப்பக்கம்
வெண்கட்டியால் ஒரு கோடு.
பக்கத்தில் பொடி எழுத்தில் நேரம்: நாலு பத்து.
இவர் போட்டதுதான்.

டண்டினோங் நகரசபையில்
பத்தொன்பது வருடம் இவருக்கு அதுதான் வேலை.
சந்தைக்குப் பின்னால் இருக்கும் தெருக்களில்
குனிந்து குனிந்து கார்ச் சில்லுகளில் கோடு கிழிப்பது,
இரண்டு மணித்தியாலம் கழித்துத் திரும்பி வருவது,
கோடு கிழித்த இடத்திலேயே கார் நின்றால்
தண்டம் எழுதுவது.
ஒருத்தி சுடுகோப்பியை நெஞ்சில் ஊற்றினாள்.
வீட்டுக்கு வந்து, சேட்டைக் கழற்றித் தந்து,
"கறை போகுமோ?" என்று மட்டும் கேட்டார்.
ஒருநாளும் கை ஓங்காத மனுசன்.

இப்போது ஓங்குகிறார்.
குளிக்க வார்க்கும் நேரம்
பொத்தானில் என் விரல் பட்டால் போதும்:
"ஆர் நீ? ஆரைக் கேட்டு உள்ளுக்கு வந்தனி?"
புறங்கை என் கன்னத்து எலும்பில் விழும்.
கோயிலில் கேட்டவர்களுக்கு
அலுமாரிக் கதவு என்றேன்.
பவளராணி மட்டும் ஒன்றும் கேட்கவில்லை;
மாமியாரை ஏழு வருடம் பார்த்தவள்.
புளிச்சோற்றுப் பெட்டி ஒன்றைக் கையில் வைத்துவிட்டுப் போனாள்.

பேர்த்திலிருந்து மகன் ஞாயிறுகளில் எடுப்பான்.
"அப்பா நல்லாத்தானே கதைக்கிறார், அம்மா?"
ஓம் மகன், உன்னோடு ஆறு நிமிடம்
நல்லாத்தான் கதைப்பார்.
மிச்சம் இருபத்து மூன்று மணி ஐம்பத்து நாலு நிமிடத்தை
போனில் நான் எப்படிக் காட்டுவது?

செவ்வாய்களில் வரும் ஹெலன் சொன்னாள்:
வாதாடாதே, அவர் நிற்கும் இடத்துக்கு நீ போ.
போனேன்.
பிரிட்ஜுக்குத் தண்டம். கட்டினேன்.
துவைக்கும் மெசினுக்கு, ஓடாத மணிக்கூட்டுக்கு,
வருடக் கணக்காய் அசையாமல் நிற்கும் பிள்ளையாருக்கு –
கற்பூரத் தட்டில் இரண்டு டொலர் வைத்துக் கட்டினேன்.
பழைய கரண்ட் பில்லின் பின்பக்கம்
பற்றுச்சீட்டு எழுதித் தருவார்.
எழுத்து இன்னும் முத்துமுத்தாய்.
இலக்கங்கள்தான் எந்தக் கணக்கிலும் இல்லாத இலக்கங்கள்.

போன கிழமை மூன்று இரவு கண் மூடவில்லை.
நாலாம் இரவு
வெண்கட்டிப் பெட்டியைக் குப்பையில் போட்டு
மேலே மீன் கழிவைக் கொட்டினேன்.
வேண்டுமென்றேதான்.
விடியப் பார்த்தால், நகத்தால்
சுவரில் கோடு கிழித்துக்கொண்டு நிற்கிறார்.
கோடு சிவப்பாய் விழுகிறது.
அந்தக் கையைப் பிடித்துக் கழுவினேன்.
அன்றைக்கு அடிக்கவில்லை.
அடித்திருக்கலாம்.

கடை திறக்க முதலே வாசலில் நின்றேன்.
பன்னிரண்டு வெண்கட்டி, மூன்று டொலர்.

இன்றைக்கு
குளியலறைத் தரையில் இருந்துவிட்டேன்.
விழவில்லை. அழவுமில்லை.
எழும்ப வேண்டும் என்று தோன்றவில்லை, அவ்வளவுதான்.
சன்னலில் வெளிச்சம் போய்விட்டது.
இவர் வந்தார். முழங்கால் நோவில் முனகிக் குனிந்து
என் செருப்பைத் திருப்பிக் கோட்டைப் பார்த்தார்.
பழைய நகரசபைக் குரல்,
மரியாதை குறையாத குரல்:
"அம்மா, நீங்கள் இஞ்சை கனநேரமாய் நிக்கிறீங்கள்."
"ஓம்."
"இரண்டு மணித்தியாலம்தான் விடுவம்."
"நாற்பத்திரண்டு வருசம் ஆச்சு," என்றேன்.

யோசித்தார்.
பிறகு, அத்தனை வருடத்தில்
ஒருவருக்கும் செய்யாத வேலை,
செய்திருந்தால் வேலையே போயிருக்கும்:
பெருவிரலை நாக்கில் நனைத்து
கோட்டைத் தேய்த்து அழித்தார்.
"ஆரும் பாக்கேல்லை. கெதியா எடுத்துக்கொண்டு போங்கோ."

எழும்பினேன்.
சமையலறை மட்டும்தான் போனேன்.
அரிசி களையக் குழாயைத் திறந்தபோது
காலடியில், குதிப்பக்கம்,
வெண்கட்டி உரசும் சத்தம்.