கல்வெட்டு

மூன்று முறை டெண்டர் விட்டார்கள், வெருலத்தில்.
முதல் தடவை ஒருவரும் வரவில்லை.
இரண்டாம் தடவை வந்தவர்
முன்பணத்துக்கு ஈடாக ஒரு பெயர்ப்பலகையை
நட்டுவிட்டுப் போனார்.
மூன்றாவது, நீதிமன்றத்தில் கிடக்கிறது.
ஓடை கோப்பு பார்த்து ஓடுவதில்லை.
பள்ளிப் பிள்ளைகள் காலணியைக் கையில் பிடித்துக்கொண்டு
இரண்டு மழைக்காலம் தண்ணீரில் நடந்தார்கள்.

கடைசியில் நகராட்சி சொன்னது:
நம் டிப்போ ஆட்களே கட்டட்டும்.
நம் ஆட்கள் என்றால் பதினொரு பேர்,
எண்ணெய் ஒழுகும் ஒரு ரோலர்,
எட்டு மாதமாகப் பட்டறையில்
வயிறு திறந்து கிடக்கும் கிரேடர்.
கூலிக்கு மாரடிப்பவர்கள் என்று
ஊர் எங்களைத்தான் சொல்லும்.
மண்வெட்டியை ஊன்றி நிழலில் நிற்கும் அந்தப் படம்
எங்கள் படம்தான். மறுக்கவில்லை.

நான் கோகிலம் நாயக்கர், செலவுக் கணக்கு எழுதுபவள்.
எழுதினேன்:
லுங்கிசானி ம்கீசே, கம்பி கட்டியது, ஒன்பது மணி.
தயாளன் படையாச்சி, சிமெண்ட் வருமென்று காத்திருந்தது, நான்கு மணி.
காத்திருந்ததை எழுதாதே கோகி, என்றார் பொறியாளர்.
காத்திருப்புக்கும் சம்பளம் போகிறதே.
எழுதினேன்.
லுங்கிசானி தாயை அடக்கம் செய்யப் போன மூன்று நாள்,
ஓய்வூதியப் பங்கு, ரோலர் குடித்த டீசல்,
மழை பெயர்த்த பலகையை மறுபடி அடித்த சனிக்கிழமை.

கூட்டினால்
கான்ட்ராக்டர் கேட்டதைவிட
நாற்பத்தோராயிரம் ராண்ட் அதிகம்.

தணிக்கைக்கு வந்த பெண்
பேனாவின் பின்புறத்தால் அந்த எண்ணைத் தட்டினார்.
மற்ற டிப்போக்கள் மிச்சம் காட்டுகின்றன, நீங்கள் மட்டும் ஏன்?
சம்பளம் எப்படியும் கொடுப்பதுதானே என்று
அங்கே ஆளைச் சேர்ப்பதில்லை, என்றேன்.
தானத்துக்கு வந்த மாடா நாங்கள்,
பல்லைப் பார்க்காமல் விட?
அவர் சிரிக்கவில்லை. குறித்துக்கொண்டார்.

கல்வெர்ட்டைக் கல்வெட்டு என்பார் தயாளன்.
கோயில் தமிழ் வகுப்பில் அவருக்கு மிஞ்சிய சொற்களில் ஒன்று.
எங்கள் கல்வெட்டில் எழுத்து எதுவும் இல்லை.
ஓரத்தில், ஈரச் சிமெண்டில் யாரோ மிதித்த
ஒரு பூட்ஸ் தடம், அவ்வளவுதான்.
யாருடையது என்று கேட்டதற்குப்
பதினொரு பேரும் குனிந்து
தங்கள் கால்களைப் பார்த்தார்கள்.

நேற்று இரவு மழை.
பத்தரைக்குத் தயாளன் அழைத்தார்:
மேல்வாயைக் கரும்புத் தோகை அடைத்திருக்கும்,
நான் கிளம்பிவிட்டேன்,
இதை எந்தத் தலைப்பில் எழுதுவாய்?
யாரும் அனுப்பவில்லை அவரை.
எந்தக் குழாய் எந்த மூட்டில் முரண்டு பிடிக்கும் என்பது
அதை இறக்கியவருக்குத் தெரியும்.

பராமரிப்பு, என்றேன்.
ஓவர்டைம் இரண்டு மணி, ஒரு டார்ச் பேட்டரி.
கூடுதல் இப்போது
நாற்பத்தோராயிரத்து அறுநூறு.