நூறு எண்ணுதல்

பச்சை மூடிக் குழாய்கள் மூன்று.
ஒன்றில் லிங்கேஷ், வயது நான்கு.
ஒன்றில் அவன் அம்மா அன்னமயில்.
மூன்றாவது நான்.
ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நல்ல ரத்தம் வேண்டும்,
காலை எட்டரைக்கு இந்த லேபில் அகப்படுகிற நல்ல ரத்தம்
என்னுடையதுதான்.

எழுமலையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தார்கள்.
ஆரப்பாளையத்தில் இறங்கியதும் பையன் வாந்தி.
ஊசிக்கு அழவில்லை.
ஊசி பழகிய கை அது.

ஐஸில் வைக்கக் கூடாது. குலுக்கக் கூடாது.
வெயில் ஏறுமுன் பார்த்துவிட வேண்டும்.
செத்த வெள்ளணு எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லாது.

மஞ்சள் சாயத்தில் விடுகிறேன்.
முப்பத்தேழு டிகிரி, இருபது நிமிடம்.
சித்திரை மாத மதுரையில் இதற்கொரு பெட்டி எதற்கு,
ஜன்னலில் வைத்தால் போதாதா
என்பார் கீழ்த்தளத்து சிக்கந்தர் பாய்.
கரண்ட் போன ஒருநாள் வைத்தும் பார்த்தேன்.
நாற்பத்தொன்று. ஒன்றும் மிஞ்சவில்லை.

வெள்ளணு கிருமியை விழுங்கி
வயிற்றுக்குள் தீ மூட்டினால்
மஞ்சள் நீலமாகும்,
நாவற்பழம் தின்ற நாக்கு மாதிரி.
பரீட்சை அவ்வளவுதான்.

முதலில் என்னுடையது.
நூற்றுக்குத் தொண்ணூற்றாறு நீலம்.
மீதி நான்கு ஏன் சும்மா இருந்தன,
எனக்குத் தெரியாது.

லிங்கேஷ்.
ஒன்று, இல்லை. இரண்டு, இல்லை.
எண்ணிக்கையில் குறையில்லை, நெரிசலாகவே நிற்கின்றன,
மடல் மடலாக உட்கரு, படம் போட்டதுபோல.
விழுங்கவும் தெரிகிறது.
மழையில் நனைந்த தீப்பெட்டி:
குச்சி உண்டு, மருந்து உண்டு,
உரசுகிறது, உரசுகிறது.
நூறு வந்துவிட்டது.
சாயத்தைச் சந்தேகித்தேன். கண்ணாடியைத் துடைத்தேன்.
வேறு மூலையிலிருந்து மறுபடி நூறு.

அன்னமயில் கடைசி.
நீலம். வெறுமை. நீலம். நீலம். வெறுமை.
ஒரே ரத்தத்தில்
ஒருவரையொருவர் அறியாத இரண்டு பெண்கள்.
நாற்பத்தெட்டு.
இந்தப் பாதியை வைத்துக்கொண்டுதான்
விடியுமுன் மல்லிகை பறித்தாள், காய்ச்சலென்று படுத்ததில்லை.
மறுபாதி மூத்தவனுக்குப் போயிருக்க வேண்டும்:
எட்டாம் மாதம், கழுத்தில் கட்டி,
என்று படிவத்தில் யாரோ அவசரமாக எழுதியிருக்கிறார்கள்.

முடிவைச் சொல்வது டாக்டர். நான் அச்சடிப்பவள்.
ஆனால் வாசலில் நிற்பவளுக்கு
அது யார் வேலை என்று தெரியாது.

"பால் விஷம்னு சொன்னாங்க மேடம்.
பால்லயா இருக்கு?"

"பால்ல இல்லம்மா."
அவ்வளவு சொல்ல எனக்கு அதிகாரம் உண்டா,
யோசிக்கவில்லை.

தலையாட்டினாள்.
பையன் என் மேஜையின் பஞ்சை
நூல் நூலாகப் பிய்த்துக்கொண்டிருந்தான்.
போய்விடுவாள் என்று நினைத்தேன்.

"செக்கானூரணில என் தங்கச்சி.
இப்ப அஞ்சு மாசம்.
அவளும் பஸ் ஏறணுமா?"

பையன் கையிலிருந்து பஞ்சை வாங்கிவிட்டு
ஒரு பச்சை மூடியை எடுத்து வெளியே வைத்தேன்.
பேனாவைத் தேட வேண்டியிருந்தது.

பேர் என்ன, என்றேன்.