காலிக் கூடை

முதல் குட்டியை
பெருமாநல்லூர் பைபாஸில், டீக்கடைக்குப் பக்கவாட்டில்,
ஒரு ஆம்னி வேனின் பின்கதவு வழியாக வாங்கினோம்.
பதினெட்டாயிரம்.
தாய் எங்கே என்று கேட்டேன்.
"பண்ணையில இருக்குதுங்."
பண்ணை எங்கே என்று கேட்பதற்குள்
வண்டி கிளம்பிவிட்டது.
சான்றிதழில் தங்க நிற முத்திரை,
அப்பன் பெயருக்கு முன்னால் சாம்பியன்.
ஒன்பதாம் நாள் ரத்தமாகப் பேதி.
பதினோராம் நாள்
கழுத்துப்பட்டையைக் கழற்றக் கூடாது என்றான் மகன்.
அதோடுதான் புதைத்தோம்,
குளியலறைத் தண்ணீர் போகும் கொய்யாவுக்கு அடியில்.

எனக்கு வேலை செக்கிங் செக்ஷனில்.
குழல் விளக்குக்குக் கீழே
நாளெல்லாம் பனியன் புரட்டுகிறேன்.
ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல்.
தோள்பட்டை அரை சென்டிமீட்டர் ஏறியிருந்தால்
கண்ணுக்கு முன்னால் கைக்குத் தெரியும்.
அந்தக் கைதான்
வயிறு உப்பி, கண்ணில் பீளை தள்ளிய ஒன்றை
அழகு என்று வாங்கி மடியில் வைத்தது.

ஒன்றரை வருடம் வீட்டில் நாய்ப் பேச்சே இல்லை.
அப்புறம் கால்நடை ஆஸ்பத்திரியில்
டாக்டர் ஒரு நம்பரைக் கிறுக்கித் தந்தார்.
"ராஜபாளையம் வெச்சிருக்குதுங்க அந்தப் புள்ள.
லேசுல குடுக்காது."

மூலனூர் தாண்டி, முருங்கைக் காடு.
கோதைநாயகி என்னைவிடப் பத்து வயது இளையவள்.
மருந்தடித்த கையைச் சோப்புப் போட்டு
முழங்கை வரை கழுவிய பிறகே கதவைத் திறந்தாள்,
எங்கள் செருப்பையும் வெளியே விடச் சொல்லி.
தாய் வந்து குறுக்கே நின்றது,
மடி தொங்க, விலா தெரியாமல்.
"ரெண்டாவது ஈத்துங். இதோட இதுக்குப் போதும்."

எவர்சில்வர் தட்டை எடுத்து
குட்டிகளின் முதுகுக்குப் பின்னால் கரண்டியால் தட்டினாள்.
ஆறு தலை திரும்பியது.
ஒன்று மட்டும் தன் காலை நக்கிக்கொண்டே இருந்தது.
"அதுக்குக் காது கேக்காதுங். வெள்ளையில அப்பிடி வரும்.
அது எனக்கு."

நான் கேட்க வேண்டியதை
ஒரு சீட்டில் எழுதிக் கொண்டுபோயிருந்தேன்.
பையிலிருந்து எடுக்கவே விடவில்லை அவள்.
வீடு சொந்தமா, வாடகையா?
காம்பவுண்டு எத்தனை அடி?
மொதக் குட்டி எந்த மாசம் போச்சு?
எடத்தைப் பிளீச்சிங் போட்டுக் கழுவினீங்களா?
அந்த நோவு மண்ணுலயே கெடக்குமுங்க.
கம்பெனிக்கு ஆடிட் வரும் வெள்ளைக்காரர்கள்கூட
நடுவில் ஒரு டீ குடிப்பார்கள்.

"மத்தியானத்துல வீட்ல ஆரு?"
மாமியார் என்றேன்.
மகன் என்னைப் பார்த்தான்.
மாமியார் சென்னிமலையில், மச்சாண்டார் வீட்டில்.
கோதைநாயகி அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.
தையல் விட்ட இடம்
அவள் கைக்குத் தட்டுப்பட்டுவிட்டது.

பணம் இப்பவே தந்துவிடுகிறேன் என்றேன்.
"வேண்டாங். முப்பத்தஞ்சு நாள்தான் ஆச்சு,
அறுபது ஆகோணும்.
அதுக்குள்ள மத்தியானத்துக்கு ஒரு ஆளைப் பாருங்க.
பாத்துட்டு வாங்க, பேசலாம்.
அப்பறம் இன்னொண்ணு.
எப்பவாச்சும் வெச்சுக்க முடியலீன்னா
வேற ஆருக்கும் குடுத்தரக் கூடாது.
நடுச்சாமமானாலும் இங்கதான் கொண்டாரோணும்."

அனுப்பிய சரக்கு திரும்பினால்
எங்கள் முதலாளி இரண்டு நாள் சாப்பிட மாட்டார்.
இவள் விற்பதற்கு முன்பே
திரும்பி வரும் வழியைச் சொல்கிறாள்.

வெள்ளகோவில் பஸ்ஸில்
மடியில் கூடை, உள்ளே மடித்த துண்டு.
"லக்கேஜ் என்னங்க?" என்றார் கண்டக்டர்.
ஒண்ணுமில்லீங் என்று மூடியைத் திறந்து காட்டினேன்.
கோபம் வந்திருக்க வேண்டும்.
வரவில்லை, ஏனோ.

காங்கயம் வருகிறபோது மகன் கேட்டான்:
"நெசமாலுமே ஆள் பாப்பியாம்மா?"
நான் விரலை மடக்கி
ஷிப்டுகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.
புதன்கிழமைதான் இடிக்கிறது.