பதினொரு மாதம்

உறையின் இடப்பக்க மேல்மூலையில்
பதவியின் பெயரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள்.
எழுதினேன்: ஆய்வு உதவியாளர், நிலத்தடி நீர்.
நாலாம் தரம்.
ஒவ்வொரு தரமும் கையெழுத்து
கொஞ்சம் சின்னதாகிக்கொண்டு வருகிறது.

வெற்றிடம் ஒன்று. தற்காலிகம். பதினொரு மாதம்.
பன்னிரண்டாவதைத் தந்தால் அது வருஷமாகிவிடும்,
வருஷம் எண்டால் பிறகு உரிமை கேக்கும்
என்று நிதிக்கிளை யூட் விளக்கினான்.
விளக்கிப்போட்டு ஒரு தேத்தண்ணி வாங்கித் தந்தான்.

பரமேஸ்வராச் சந்திப் போட்டோப்பிரதிக் கடைக்காரருக்கு
என் பட்டச் சான்றிதழ் மனப்பாடம்.
"இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு,
வழமைபோல மூண்டு பிரதிதானே தங்கச்சி?"

தொடர்ச்சியான இரண்டு வருட அனுபவம் வேண்டுமாம்.
என்னிடம் இருப்பது
பதினொன்று, பதினொன்று, பதினொன்று.
கூட்டினால் தேவைக்கு மேலேயே வரும்.
தொடர்ச்சி என்ற சொல்லில்தான் கால் தடக்குகிறது.

நேர்முகத்துக்கு நாலு பேர் இருந்தார்கள்.
மின்விசிறி பேப்பரைப் புரட்டப் புரட்ட
தண்ணீர்ப் போத்தலை அதன்மேல் வைத்தார் ஒருவர்.
மேசையில் கிடந்தது நான் வரைந்த வரைபு:
நாற்பத்திரண்டு கிணறு, மாதம் ஒரு புள்ளி,
நீர்வேலியில் வெங்காயத்துக்குப் பசளை போட்ட கிழமைகளில்
நைத்திரேற்று ஏறுகிற கோடு.

"மார்கழியில நீங்கள் வேலையில இல்லைத்தானே?"
இல்லை, சேர்.
"அப்ப இந்த மார்கழிப் புள்ளியள்?"

எடுத்தது நான் என்றால்
அனுமதியில்லாத ஆள் எடுத்த மாதிரி அது,
கோட்டை அழிக்கவேண்டி வரும்.
இல்லை என்றால்
அந்த மாதம் நான் எங்கேயும் இல்லை.

மழைக்கோட்டோடு ஸ்கூட்டியில் போனதும்
ஐஸ்பெட்டியை மடியில் வைத்துப் பிடிக்கத்
தம்பியை லஞ்சம் கொடுத்துக் கூட்டிப்போனதும்
புன்னாலைக்கட்டுவனில் கிணறு கட்டுவரைக்கும் வந்து
வாளி தேவைப்படாமல்
கையாலேயே போத்தலை அமிழ்த்தியதும்
வாய்வரைக்கும் வந்தது.

"அந்த மாதம் நல்ல மழை, சேர்" என்றேன்.

யாரோ பேனையை மூடினார்கள்.
பேராசிரியை மட்டும் வரைபை விட்டுக்
கண்ணை எடுக்கவில்லை.
மாதிரிப் போத்தல்களின் திறப்பு
அந்த மார்கழி முழுக்க
அவவின் லாச்சியில் இருக்கவில்லை என்பது
அவவுக்குத் தெரியும்.

வெளியே வாங்கில் அனோஜிதன்.
புதுச் சேட்டின் மடிப்பு இன்னும் குலையவில்லை.
"அக்கா, என்ன கேட்டவை?"
மழையைப் பற்றி, என்றேன்.
பாவம், தொலைபேசியில்
வருடாந்த மழைவீழ்ச்சி தேடத் தொடங்கினான்.
இரண்டு படி இறங்கித் திரும்பி வந்து சொன்னேன்,
"இருபத்தாறாம் கிணத்தடியில நாய் நிக்கும்.
கட்டச் சொல்லிப்போட்டுப் போ."

பின்னேரம் இடைக்காட்டிலிருந்து அழைப்பு.
கிணறு முப்பத்தொன்று, செல்வமலர்.
"பிள்ளை, இந்தமுறை ஆரும் வரேல்லை.
மூண்டு வருசமா அள்ளிக்கொண்டு போறியள்,
குடிக்கலாமோ எண்டு
ஒருதரும் சொல்லேல்லை."

அறிக்கை இன்னும் வரைவில் இருக்கிறது என்று
எப்படிச் சொல்ல?
குழந்தைக்கு மட்டும் அதைக் கொடுக்காதேங்கோ என்றேன்.
அது எந்த ஒப்பந்தத்திலும் இல்லாத வசனம்.

முடிவு வர மூன்று கிழமையாகுமாம்.
ஸ்கூட்டியில் எண்ணெய் அரைத் தாங்கி இருக்கிறது.
வீட்டுப் பிறிஜ்ஜில், மீனுக்குப் பக்கத்தில்,
கழுவின போத்தல் பன்னிரண்டு.