இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

நூலகத்தில் எடுத்த நாவல்.
எனக்கு முன் வாசித்த யாரோ
இருபதாம் பக்க ஓரத்தில் பென்சிலால்
'மருந்துக்கடைக்காரன்தான்' என்று எழுதி,
தொண்ணூறில்
'இல்லை, பாவம், அவனும் செத்துவிட்டான்' என்கிறார்.
சிரித்துவிட்டேன்.
பிர்னோவில் பனி தூறும் ஞாயிறு,
டிராம் பணிமனையில் எனக்கு ஓய்வு நாள்.

கதை நடப்பது அந்த மார்ச்சில்.
துப்பறிய வருபவர் விர்பா.
சாட்சிகள் எல்லோருக்கும் பாதி முகம்.
"அவனைப் பார்த்தீர்களா?"
"கண்ணைப் பார்த்தேன்."
"என்ன நிறம்?"
"பயந்த நிறம்."
குலுக்க நீண்ட கை
பாதி வழியில் ஞாபகம் வந்து
சட்டைப்பைக்குள் போய்விடுகிறது.

பேய் ஒன்பதாம் அத்தியாயத்தில்.
நான்காம் மாடிக் கதவுக்கு அப்பால்
இரவு இரண்டு மணிக்கு இருமல்.
உடைத்துத் திறந்தால்
ஆறு நாள் முன்பே இறந்துபோனவர்.
இருமல் மட்டும் நிற்கவில்லை.

இதற்கெல்லாம் நான் அசரவில்லை,
காபி ஆறியதுகூடத் தெரியாமல் வாசித்தேன்.
இருநூற்றுப் பன்னிரண்டில்தான் வந்தது:
பிணத்தின் முகக்கவசம்
திரைச்சீலையை வெட்டித் தைத்தது.
மஞ்சளில் நீலச் செர்ரிகள். இரட்டைத் தையல்.

என் சமையலறைச் சன்னலுக்கு
இன்றுவரை திரை இல்லை.

கடைகளில் கவசம் கிடைக்காத வாரம் அது.
ஊரே தையல் எந்திரத்தின் முன் உட்கார்ந்தது.
எலாஸ்டிக் தீர்ந்ததும்
பழைய உள்ளாடைகளிலிருந்து உருவினோம்.
எழுபத்து மூன்று தைத்தேன்.
கதவுப் பிடிகளில் பையோடு தொங்கவிட்டேன்,
மணி அடிக்காமல்,
விரல் படாமல்.
அன்றைக்கு அதற்குப் பெயர் அன்பு.

மூன்றாம் மாடியில் ஹினெக் டிராபல்,
நில அளவைத் துறையில் இருந்தவர்,
படிகளைக்கூட எண்ணித்தான் இறங்குவார்.
பதினோரு வருடத்தில் என்னிடம் பேசியது
"லிஃப்ட் கதவைச் சாத்துங்கள்."
அவர் கதவில் நான் மாட்டிய பை
செவ்வாயும் இருந்தது.
புதனும்.
உள்ளே வானொலி நாள் முழுக்க
எண்ணிக்கை சொல்லிக்கொண்டிருந்தது,
ஆள் இருக்கிறார் என்று
எடுத்துக்கொண்டேன்.
வெள்ளியன்று படிக்கட்டில்
வெள்ளை உடுப்புக்காரர்கள்.
மறுநாள் பையைக் கழற்றி வந்து
அந்தக் கவசத்தை நானே போட்டுக்கொண்டேன்.
துவைத்தேனா, நினைவில்லை.

விர்பா வீடு வீடாகக் கேட்கிறார்:
"அவர் வீட்டில் கடைசியாகச் சத்தம் கேட்டது யாருக்கு?"
முதல் மாடி உதட்டைப் பிதுக்குகிறது,
அதாவது, கவசம் அசைகிறது.
அடுத்து இரண்டாம் மாடி.
நான் இருப்பது இரண்டாம் மாடி.

இன்னும் நாற்பது பக்கம்.
கொன்றவன் யாரென்று தெரிந்துகொள்ள
ஆசை இல்லாமலில்லை.
பென்சிலைத் தேடி எடுத்து,
நூலகத்துக்காரர்கள் திட்டினால் திட்டட்டும் என்று
ஓரத்தில் அந்த முன்னாள் வாசகருக்கு எழுதினேன்:
'நீங்கள் எந்தத் தெரு?'

மேலே, டிராபலின் வீட்டில்
புதிதாகக் குடிவந்த ஷிமோன்
சுவரில் துளை போடுகிறான்.
ஞாயிற்றுக்கிழமையில்.
துடைப்பக் கட்டையால் கூரையை இடிக்கலாம்,
இடிப்பதில்லை.
சத்தம் நின்றால்தான்
புத்தகத்திலிருந்து தலை நிமிர்கிறது.

காத்திருக்கிறேன்.

திரும்ப ஆரம்பிக்கிறான்.
இருநூற்றுப் பதின்மூன்று.